பழைய காரின் கூரை ஏரியல்: கழற்றுவதா, வைத்துக்கொள்வதா?

பழைய கார் ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறீர்கள். கூரையில் ஒரு ஏரியல் நிற்கிறது. கம்பி வளைந்திருக்கிறது, அடி ரப்பர் வெடித்திருக்கிறது, ரேடியோ எப்போதோ காணாமல் போய்விட்டது. இதை எடுத்துவிடலாமா? எடுத்தால் ஓட்டையை என்ன செய்வது? இந்தக் கேள்விகளோடு என் டட்சன் 120ஒய் காரை எடுத்துக்கொண்டு கோலாலம்பூரில் செகாம்புட், ஜாலான் ஈப்போ பக்கமெல்லாம் அலைந்தேன். கடைக்கு ஒரு பதில் கிடைத்தது. "புட்டி அடிச்சு பெயிண்ட் போட்டா முடிஞ்சுது தம்பி, நாளைக்கே காடிய எடுத்துக்கலாம்" என்றார் ஒரு அண்ணன். இன்னொரு இடத்தில் கூரைத் தகட்டையே மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள்.

இரண்டு பேருமே கூரைத் துணிக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இந்த வேலையில் சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. தகட்டை உள்பக்கத்திலிருந்து கண்ணால் பார்க்கும்வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள், எந்த விலைக்கும் தலையாட்டாதீர்கள். கீழே உள்ள வரிசை முழுக்க இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

1. ஒழுகுவது ஏரியல்தானா என்று பாருங்கள்

பலர் ஏரியலைக் கழற்ற நினைப்பதே கூரைத் துணியில் பழுப்புக் கறை பார்த்த பிறகுதான். கறை இருக்கும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. முன்கண்ணாடி ரப்பர் வழியாக நுழைந்த தண்ணீர் துணிக்கு மேலேயே ஓடிப்போய் வேறு எங்கோ சொட்டும். கூரை ஓரத்து மழைக்காலில் (மழைத் தண்ணீர் வடியும் பள்ளத்தில்) இருக்கும் பழைய சீலர் வெடித்திருந்தாலும் இதே கதைதான்.

சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. காரை மேடு பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். தோட்டக் குழாயில் அழுத்தம் இல்லாமல் தண்ணீர் விடுங்கள். முதலில் கண்ணாடியின் கீழ் ஓரம், அப்புறம் மேல் ஓரம், அதன் பிறகு மழைக்கால், கடைசியில்தான் ஏரியல். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடமாவது நின்று பாருங்கள். காருக்குள் ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்துக்கும் வழிந்துவிடும், எங்கே நுழைந்தது என்று சொல்லவே முடியாது. ஏரியலைச் சுற்றித் தண்ணீர் விட்டபோது மட்டும் ஈரம் வந்தால் உங்கள் சந்தேகம் சரி. கண்ணாடி ரப்பரில் வந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஏரியல் வேலைக்குக் கொடுக்கும் பணம் அதற்கு உதவாது.

2. காகிதங்கள்

காரை இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால் பெயர் மாற்றம் முடிந்த பிறகே தட்டு வேலைக்கு (தகடு, பெயிண்ட் பழுதுபார்ப்புக்கு) அனுப்புங்கள். பெயர் மாற்றத்துக்கு பி5 என்ற வாகனப் பரிசோதனை வேண்டும். கூரைத் துணி தொங்க, சீட்டுகள் கழன்று, பேட்டரி இல்லாமல் கடையில் நிற்கும் காரைச் சோதனைக்குக் கொண்டுபோக முடியாது. கார் இன்னும் விற்றவர் பெயரில் இருக்கும்போது கடைக்காரரோடு தகராறு வந்தால், 'இது என் கார்' என்று காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

ஏரியலைக் கழற்றி ஓட்டையை அதே தகடு, அதே நிறத்தில் அடைப்பது சாதாரணப் பழுதுபார்ப்பு வேலை. ஆனால் "கூரையைத்தான் எப்படியும் பெயிண்ட் அடிக்கப் போகிறோம், கறுப்பாக அடித்துவிடலாமே" என்ற ஆசை இந்த நேரத்தில்தான் வரும். காரின் நிறம் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவில் இருக்கிறது. நிறம் மாற்றுவதாக இருந்தால் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அடித்து முடித்துவிட்டு அலைய வேண்டாம். அதேபோல, ஓட்டை இருக்கிறதே என்று கூரையை வெட்டி சன்ரூஃப் வைக்கச் சொல்லும் யோசனையையும் ஒதுக்கிவிடுங்கள். அது காரின் கட்டமைப்பையே மாற்றும் வேலை.

கையில் வைத்திருக்க வேண்டியவை: கிராண்ட் (வாகன உரிமைப் பத்திரம்) நகல், இன்சூரன்ஸ் நகல், கூரையின் எல்லாப் பக்கமும் எடுத்த படங்கள், ஏரியலின் அடிப்பகுதியை அருகில் எடுத்த படம். கடையில் விடும் நாளில் ஓடிய கிலோமீட்டரையும் படம் எடுங்கள். ஒப்புக்கொண்ட மதிப்புக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், பெரிய வேலை முடிந்ததும் படங்களையும் ரசீதுகளையும் ஏஜென்டிடம் கொடுத்து வையுங்கள். மறு ஆண்டு மதிப்பைப் பேச அவை உதவும்.

3. எப்போது செய்வது

கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையானால் கொட்டித் தீர்க்கும். அந்த மாதங்களில் கூரையில் ஓட்டையோடு கார் வைத்திருக்கக் கூடாது. ஜூன், ஜூலை ஓரளவு மழை குறைந்த மாதங்கள். முடிந்தால் அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

பண்டிகைகளையும் கணக்கில் எடுங்கள். சீனப் பெருநாளுக்கு முன்பு தட்டு வேலைக் கடைகளில் நெரிசல், பெருநாள் தொடங்கியதும் பல கடைகள் நீண்ட விடுமுறை. ஹரி ராயாவுக்கு முன்பும் கம்பத்துக்குப் போகும் கார்கள்தான் முன்னால் நிற்கும். "தீபாவளிக்கு வேணும்" என்று கடைசி நேரத்தில் கொடுத்தால் உங்கள் காரும் அவசரத்தில்தான் முடியும். கூரை வேலையில் அவசரம் ஆகாது. ஏன் என்று பெயிண்ட் பகுதியில் சொல்கிறேன்.

கடைக்காரரிடம் "எத்தனை நாள்" என்று மட்டும் கேட்காதீர்கள். "கார் கூரைக்குக் கீழே நிற்குமா, வெளியில் நிற்குமா" என்று கேளுங்கள். இடம் இல்லாத கடைகள் பாதி முடிந்த காரைச் சாலையோரத்தில் நிறுத்திவிடும்.

4. கூரைத் துணியை இறக்குதல்

இதுதான் பலர் தவிர்க்க நினைக்கும் வேலை. பழைய கார்கள் பலவற்றில் கூரைத் துணி குறுக்கே ஓடும் மெல்லிய கம்பி வளைவுகளில் தொங்கும். ஓரங்கள் கோந்தால் ஒட்டப்பட்டு, முன் ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியில் சொருகியிருக்கும். ஏரியல் முன்கண்ணாடிக்கு மிக அருகில் இருந்தால் அதன் நட்டை எட்டுவதற்கு இந்த முன் ஓரத்தைத் தளர்த்த வேண்டிவரும்.

இங்கேதான் பெரிய ஆபத்து. வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்த ரப்பர் கல் மாதிரி இறுகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ரப்பர் கிழியும், சில நேரம் கண்ணாடியும் போய்விடும். அரிய மாடல் என்றால் கண்ணாடி தேடி ஹாஃப்-கட் கடைகளை (வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடைகளை) சுற்ற வேண்டியதுதான். அதனால் முதலில் சுலபமான வழிகளைப் பாருங்கள். வெயில் தடுப்புத் தட்டுகள், உள் விளக்கு, பின்பார்வைக் கண்ணாடி மூன்றையும் கழற்றுங்கள். உள் விளக்கின் ஓட்டை வழியாகக் கையை விட்டால் நட்டு எட்டுகிறதா பாருங்கள். எட்டாவிட்டால் ஒரு பக்கக் கதவு ஓரத்திலிருந்து துணியைத் தளர்த்தி, முதல் ஒன்றிரண்டு கம்பி வளைவுகளை மட்டும் விடுவியுங்கள். பழைய கோந்தை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் துணி கிழியாமல் வரும்.

ஒவ்வொரு கம்பிக்கும் முன்னிருந்து எண் எழுதி ஒட்டுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வளைவு வேறு வேறு. மாற்றி மாட்டினால் துணி சுருங்கி நிற்கும்.

துணி ஏற்கெனவே நைந்திருந்தால் இழுத்துப் போராடாதீர்கள். எப்படியும் மாற்றத்தான் வேண்டும். குஷன் வேலை செய்யும் கடைகளில் புதிய துணி தைத்துப் போட 300 முதல் 500 வெள்ளி (ரிங்கிட்) வரை எனக்கு விலை சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றி மாட்டும் கூலி அதில் சேர்ந்ததா, தனியா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். புதிய ரப்பர் போடுவது நல்லது. பழைய ரப்பரையே திரும்பப் போட்டால் கொஞ்ச நாளில் அடுத்த ஒழுகல் அங்கிருந்து வரும்.

5. ஏரியலைக் கழற்றுதல்

பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள். ஏரியல் வயர் ரேடியோவின் பின்னால் ஒரு தடித்த பிளக்கில் முடிந்திருக்கும். அதை இழுத்தால் வந்துவிடும். பிளக்கில் ஒரு நீளமான நூலைக் கட்டிவிட்டு, பிறகு வயரைக் கண்ணாடித் தூண் வழியாக மேலே இழுங்கள். வயர் வெளியே வரும்போது நூல் அதன் இடத்தில் தங்கிவிடும். நாளைக்கு வேறு வயர் போட நினைத்தால் இந்த நூல்தான் வழி காட்டும். நூல் இல்லாமல் அந்தத் தூணுக்குள் வயர் நுழைப்பது ஒரு முழு நாளைத் தின்னும்.

மேலே, ஏரியலைச் சுற்றிப் பெயிண்டின் மீது மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். உள்ளே நட்டின் மீது துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஒரு இரவு விடுங்கள். மறுநாள் உள்ளே ஒருவர் ஸ்பேனரால் நட்டைத் திருப்பும்போது, வெளியே இன்னொருவர் அடிப்பகுதியை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். தனியாகச் செய்தால் அடிப்பகுதி சுழன்று கூரைப் பெயிண்டில் வட்டமாகக் கீறல் விழும்.

நட்டு கழன்றதும் அதற்கு மேலே, தகட்டை ஒட்டி, பற்கள் உள்ள ஒரு வளையம் இருக்கும். அந்தப் பற்கள் தகட்டின் உள்பக்கப் பெயிண்டைக் கடித்து இரும்பைத் தொட வேண்டும். ஏரியலுக்கு எர்த் கிடைப்பது அப்படித்தான். பெயிண்ட் கடிபட்ட அந்த இடத்தில்தான் துருவும் முதலில் பிடிக்கும். என் காரில் ஒவ்வொரு பல்லின் அடியிலும் செம்பழுப்பாக ஒரு புள்ளி, புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையமாகியிருந்தன. வெளியே இருந்து பார்த்தால் பெயிண்ட் பளபளப்பாகத்தான் இருந்தது.

நட்டு இறுகி வரவே இல்லையென்றால் கிரைண்டரை எடுக்காதீர்கள். தீப்பொறி கூரைத் துணியில், அதன் மேலுள்ள பஞ்சில், சத்தம் அடக்கும் தாரில் விழும். ஈரத் துணியைச் சுற்றி வைத்து, ரம்பத்தால் அடிப்பகுதியை மெதுவாக அறுப்பதுதான் பாதுகாப்பு.

கழற்றிய ஏரியலைத் தூக்கி எறியாதீர்கள். அடி ரப்பர், வளையம், நட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். அந்த மாடலை ஆதியில் இருந்தபடியே கட்ட நினைப்பவர்கள் இந்தச் சின்னப் பாகங்களைத்தான் தேடி அலைகிறார்கள்.

6. தகட்டைப் பார்த்து முடிவெடுங்கள்

ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கம்பி பிரஷால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். கூர்மையான ஸ்க்ரூ டிரைவர் முனையால் உள்ளிருந்து மெதுவாகக் குத்திப் பாருங்கள். 'டங்' என்று தடுத்தால் தகடு நல்லது. உள்ளே இறங்கினால் அங்கே துருதான் இருக்கிறது.

வெளியே ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்துங்கள். பிடிப்பு திடீரென்று தளரும் இடத்தில் பழைய புட்டி இருக்கிறது. யாரோ முன்பே ஒரு ஓட்டையைப் புட்டியால் அடைத்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஏரியல் மாட்டியிருக்கலாம். டாக்சியாக ஓடிய கார்களில் கூரை விளக்கு ஓட்டைகளும் இப்படி மறைந்திருக்கும். விலை பேசும்போது ஓட்டை ஒன்று என்று நினைத்துப் பேசுவீர்கள், வேலை தொடங்கியதும் மூன்றாகிவிடும்.

ஓட்டையின் குறுக்களவை வெர்னியர் அளவுகோலால் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். அடைப்பானோ புதிய ஏரியலோ, எது வாங்கினாலும் இந்த எண் வேண்டும்.

தகடு நல்லதாக இருந்து, காரில் ரேடியோ கேட்க ஆசையும் இருந்தால் ஓட்டையை அடைக்காதீர்கள் என்பதே என் கருத்து. கூரையின் நடு ஏரியலுக்கு மிக நல்ல இடம். சுற்றிலும் சமமாகப் பரந்த இரும்பு கிடைப்பது காரில் அங்கே மட்டும்தான். அடைத்துவிட்டு அப்புறம் முன் மட்கார்டில் புதிய ஓட்டை போடுவது காருக்குச் செய்யும் கெடுதல். தகடு அரித்துப் போயிருந்தால் பேச்சே இல்லை. வெட்டி எடுத்து வெல்டிங் செய்துதான் ஆகவேண்டும்.

7. அடைப்பதென்றால்

புட்டி மட்டும் போட்டு அடைக்கச் சொல்பவர்களிடம் காரைக் கொடுக்காதீர்கள். பின்னால் தகடு இல்லாத ஓட்டையில் புட்டிக்குப் பிடிமானம் இல்லை. கோலாலம்பூர் வெயிலில் கூரை சூடாகி விரியும், நாலு மணி மழையில் சட்டென்று குளிர்ந்து சுருங்கும். புட்டியின் ஓரம் முடி அளவு விலகினாலே போதும். புட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், துரு பெயிண்டுக்கு அடியில் பரவும். கொப்புளம் வெளியே தெரியும்போது ஓட்டை முன்பைவிடப் பெரிதாகியிருக்கும்.

சரியான வழிகள் மூன்று. எளிதானது ரப்பர் அடைப்பான். ஓட்டையின் ஓரத்துக்கு எபோக்சி பிரைமர் அடித்து, காய்ந்ததும் அளவுக்குச் சரியான அடைப்பானை பாலியுரேத்தேன் சீலரோடு பொருத்துவது. சில வெள்ளியில் முடிந்துவிடும். பார்க்கத் தெரியும், ஆனால் ஒழுகாது. பின்னால் ஏரியல் போட நினைப்பவர்களுக்கும், மழைக் காலத்தைக் கடத்த வேண்டியவர்களுக்கும் இது போதும். அசிடிக் வாசனை வரும் சாதாரண சிலிக்கோனை வாங்காதீர்கள், அது இரும்பை அரிக்கும்.

அடுத்தது ஒட்டுத் தகடு. ஓட்டையைவிடச் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் பெரிய வட்டத் தகட்டை வெட்டி, உள்ளிருந்து பேனல் பசையால் ஒட்டுவது. வெளியே தெரியும் பள்ளத்தை மட்டும் மெல்லிய புட்டியால் சமன் செய்வார்கள். பின்னால் தகடு இருப்பதால் இங்கே புட்டி நிற்கும். தீ இல்லை, கூரை கோணாது. தகடு இரும்பாக இருக்கட்டும். கைக்குக் கிடைத்த அலுமினியத்தைப் போட்டால் ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கு இடையே அரிப்பு தொடங்கிவிடும். பசைக்கு ஒரு நாள் முழுக்க அசையாமல் காய நேரம் கொடுக்க வேண்டும். பசை மட்டும் நூறு வெள்ளிக்கு மேல் போகும். அதைப் பிழியும் துப்பாக்கி கடையில் இருந்தால் செலவு குறையும்.

மூன்றாவது வெல்டிங். நிரந்தரமான வேலை இதுதான், கெடுப்பதற்கும் சுலபமான வேலை இதுதான். கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லியது, அகலமானது, வளைவு குறைந்தது. சூடு கொஞ்சம் கூடினாலும் தகடு தளர்ந்து, விரலால் அழுத்தினால் 'டொப்' என்று உள்ளே போய் வெளியே வரும். அதைத் திரும்ப இறுக்க நல்ல தட்டு வேலைக்காரர் வேண்டும். கேஸ் வெல்டிங் செய்கிறேன் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். டிக் (TIG) அல்லது மெல்லிய கம்பியுள்ள மிக் (MIG) வகை மின் வெல்டிங்கில், ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும் வட்டத்தை வைத்து, எதிரெதிராக ஒரு புள்ளி, ஆற விட்டு இன்னொரு புள்ளி என்று செய்ய வேண்டும். பின்னால் ஒரு செம்புக் கட்டியை அழுத்திப் பிடித்தால் சூட்டை அது இழுத்துக்கொள்ளும்.

வெல்டிங்குக்கு முன் கூரைத் துணி முழுவதும் வெளியே வந்திருக்க வேண்டும், ஓரமாகச் சுருட்டி வைத்தால் போதாது. தார் ஒட்டியிருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். சீட்டுகள் வெளியே, கண்ணாடிகளின் மேல் ஈரக் கம்பளம், தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில். இவற்றைக் கடைக்காரர் செய்கிறாரா என்று நின்று பாருங்கள். ஒரு ஓட்டைக்கு வெல்டிங்கும் தேய்ப்பும் சேர்த்து 150 முதல் 250 வெள்ளி வரை எனக்குச் சொன்னார்கள். துணி இறக்கி ஏற்றும் கூலி தனி. முடிந்த அன்றே மேலும் கீழும் எபோக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் வெறும் இரும்பு ஒரே இரவில் துருவின் சாயலைக் காட்டிவிடும்.

8. வைத்துக்கொள்வதென்றால்

எஃப்எம் மட்டும் போதும் என்றால் வேலை சுலபம். அலைநீளத்தில் கால்பங்கு நீளமுள்ள கம்பி வேண்டும். மின்னல் எஃப்எம் தலைநகரில் 96.3 மெகாஹெர்ட்ஸ், அதற்குக் கணக்குப் போட்டால் சுமார் 78 சென்டிமீட்டர் வரும். ஆனால் வாங்கும் முன் உங்கள் கார் நிற்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். 120ஒய் போன்ற கார் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். அதன் மேல் 78 சென்டிமீட்டர் கம்பி நேராக நின்றால் 2.1 மீட்டரைத் தாண்டிவிடும். பேரங்காடிகளின் நிலத்தடி நிறுத்துமிடத்தில் நுழைவாயிலில் உயரத்தைக் கட்டுப்படுத்தத் தொங்கும் குறுக்குக் கம்பி உங்கள் புது ஏரியலை முதல் நாளே அடித்துவிடும். பின்பக்கம் சாய்த்து வைக்கக்கூடிய அடிப்பகுதி அல்லது கையால் திருகிக் கழற்றும் கம்பி வாங்குங்கள். குட்டைக் கம்பி வேண்டுமென்றால் அடியில் ஆம்ப்ளிஃபையர் உள்ளதாகப் பாருங்கள், அதற்கு 12 வோல்ட் வயர் ஒன்று தனியாக இழுக்க வேண்டும். சுறா துடுப்பு வடிவம் பழைய காருக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். விருப்பம் உங்களுடையது.

வயர், பிளக், அடாப்டர் எல்லாவற்றுக்கும் புடு பக்கம் ஜாலான் பாசாரில் உள்ள எலக்ட்ரானிக் கடைகள் போதும். பழைய அடிப்பகுதியைக் கையோடு கொண்டுபோங்கள், படத்தைக் காட்டி வாங்கினால் அளவு தவறும்.

இன்னொரு பயன்பாடு அமெச்சூர் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக மற்றவர்களோடு வானலையில் பேசுவது. 2 மீட்டர் அலைவரிசைக்குக் கால்பங்குக் கம்பி அரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. காரோடு சேர்த்து 1.9 மீட்டர் அளவில் நிற்கும் என்பதால் பல நிறுத்துமிடங்களுக்கும் ஒத்துவரும். என்எம்ஓ (கம்பியைத் திருகி மாட்டும்) வகை அடிப்பகுதிக்கு 19 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். உங்கள் ஓட்டை சிறியதாக இருந்தால் அரத்தால் பெரிதாக்கலாம். பெரியதாக இருந்தால் உள்ளே ஒட்டுத் தகடு வைத்து அதில் துளையிட வேண்டும். பழைய ரேடியோ வயரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கார் ரேடியோ வயர் வேறு வகை. ஒலிபரப்புக் கருவிக்கு 50 ஓம் வயர்தான் போட வேண்டும். முடித்ததும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் (ஏரியல் கருவியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் மீட்டர்) 1.5க்குக் கீழே வருகிறதா பார்த்த பிறகே பேசும் பொத்தானை அழுத்துங்கள், இல்லையென்றால் கருவி கெடும்.

இதில் காகித வேலை உண்டு. வானொலி கேட்பதற்கு உரிமம் வேண்டாம். அமெச்சூர் அலைவரிசையில் பேசுவதற்கு எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) நடத்தும் தேர்வில் தேறி, சான்றிதழும் கருவிக்கான ஒதுக்கீடும் பெற வேண்டும். தீபகற்பத்தில் பி பிரிவில் நுழைபவர்களின் அழைப்புக் குறி 9டபிள்யூ2 என்று தொடங்கும். தேர்வுத் தேதி, கட்டணம் இரண்டையும் எம்சிஎம்சியிடமே கேளுங்கள். தேர்வுக்குப் பதிவு செய்து சான்றிதழ் கைக்கு வரும்வரை ஓட்டையை ரப்பர் அடைப்பானோடு விட்டுவைக்கலாம். கருவியை முதலில் வாங்கி மாட்டிவிட்டு உரிமத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

எதை மாட்டினாலும் எர்த் பற்கள் கடிக்கும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, பொருத்திய பிறகு அதன் மேல் கிரீஸ் பூசுங்கள். வயர் துணிக்கு மேலே வரும் இடத்தில் ஒரு சின்னச் சுருள் விட்டுக் கட்டினால், ஓடிவரும் தண்ணீர் ரேடியோவரை போகாமல் அங்கேயே சொட்டும்.

9. பெயிண்ட்

ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் தட்டு அளவுக்கு ஸ்ப்ரே அடிப்பது பணம் மிச்சம் போலத் தோன்றும். பழைய பெயிண்ட் வெளுத்திருக்கும், புதியது அதோடு சேராது. நிழலில் சரியாகத் தெரிந்தது வெயிலில் தனியாகத் தெரியும். கூரை முழுவதையும் மழைக்காலிலிருந்து மழைக்கால்வரை அடிப்பதுதான் கண்ணுக்கு நன்றாக இருக்கும். நான் கேட்ட இடங்களில் 500 வெள்ளியிலிருந்து 800 வெள்ளிவரை விலை இருந்தது. எந்த வகைப் பெயிண்ட் என்று கேளுங்கள். மலிவான என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் ஈரமான மாலையில் அடித்தால் காயும்போது வெள்ளையாகப் பூத்துவிடும். இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட் விலை கூட, ஆனால் வெயிலைத் தாங்கும். எதுவானாலும் காலையில், காய்ந்த நாளில், கூண்டுக்குள் அடிக்கச் சொல்லுங்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று அவசரமாக அடித்த கூரையில் பிரைமருக்கு அடியில் ஈரம் தங்கிவிடும், சில மாதங்களில் கொப்புளம் எழும்பும். மூன்றாம் பகுதியில் அவசரம் ஆகாது என்றது இதற்காகத்தான்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். கார் விடும்போது கொஞ்சம், தகடு அடைத்து பிரைமர் அடித்ததும் நீங்களே நேரில் பார்த்துவிட்டு கொஞ்சம், மிச்சம் தண்ணீர் சோதனைக்குப் பிறகு. பிரைமர் நிலையில் போய்ப் பார்ப்பதை மட்டும் விடாதீர்கள். பெயிண்ட் ஏறிய பிறகு உள்ளே தகடு இருக்கிறதா, புட்டி இருக்கிறதா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அந்த நிலையில் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் காரை வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தப் படம் பதில்.

10. தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டுத் துணியை ஏற்றுங்கள்

கூரைத் துணியைத் திரும்ப மாட்டுவதற்கு முன்னால்தான் தண்ணீர் சோதனை. கடைக்காரர்கள் அவசரத்தில் துணியை ஏற்றிவிட்டுச் சாவியைக் கொடுப்பார்கள், அப்போது உள்ளே எதுவும் தெரியாது. துணி இல்லாமல், அடைத்த இடத்தைச் சுற்றி உள்ளே டிஷ்யூ பேப்பர் ஒட்டி, வெளியே குழாயில் தண்ணீர் விடுங்கள். ஒரு துளி ஈரம் பட்டாலும் பேப்பர் காட்டிக்கொடுக்கும்.

காய்ந்திருந்தால் உள்பக்கத்தில் துரு தடுக்கும் மெழுகு தெளித்து, ஒரு நாள் விட்டு, சூட்டைத் தாங்கும் கோந்தால் துணியை ஏற்றச் சொல்லுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே சாதாரணக் கோந்து இளகிவிடும், துணி தலையில் தொங்கும்.

வீட்டுக்கு எடுத்து வந்த பிறகு முதல் பெருமழை பெய்ததும், உள் விளக்கைக் கழற்றி விரலை விட்டுத் துணிக்கு மேல் தடவிப் பாருங்கள். அடுத்த ஏப்ரலிலும் ஒருமுறை பாருங்கள். ஈரம் இருந்தால் ரசீதையும் பிரைமர் நிலையில் எடுத்த படத்தையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே கடைக்குப் போங்கள்.